ஒரு வாக்குமூலமும் 31 ஆண்டுகளும்

*ஸ்ரீபெரும்புதூர் வழக்கு நாட்டுக்குச் சொன்ன பாடம், இன்று சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்களுக்குத் தெரியுமா?*

1991 ஜூன் 11. சென்னை வேப்பேரி, பெரியார் திடல். ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழுவினர் 19 வயது இளைஞர் ஒருவரைத் தேடி அங்கே வந்தார்கள். ஜோலார்பேட்டைக்காரர், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். விசாரித்துவிட்டு மறுநாள் காலையில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். அதை நம்பிப் பெற்றோரே மகனை ஒப்படைத்தார்கள். கூட வழக்கறிஞர் யாரும் இல்லை. எதற்கும் பதில் சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

அந்த இளைஞர் பேரறிவாளன். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2022 மே 18-ல். இடையில் போனது ஏறத்தாழ 31 ஆண்டுகள். அதில் பாதிக்கு மேல் தூக்குத் தண்டனைக் கைதியாக.

விடுபட்ட ஒரு வாக்கியம்

அவர் மீதான வழக்கு பெரும்பாலும் அவருடைய வாக்குமூலத்தின் மேல் நின்றது. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கி, கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தார், வெடிகுண்டுக்கு அவைதான் பயன்பட்டன என்பது அதன் சாரம். பதிவு செய்தவர் சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன். குற்றம் சாட்டப்பட்ட 26 பேரில் 17 பேரின் வாக்குமூலங்கள் இந்த வழக்கில் இப்படிப் பதிவாகின.

2013 நவம்பரில், ஓய்வுபெற்ற பின், தியாகராஜன் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி வாங்கியதை ஒப்புக்கொண்ட பேரறிவாளன், அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பகுதியைத் தான் எழுதவில்லை என்றார். பின்னர் இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். புலனாய்வுக் குழுவின் தலைவராக இருந்த டி.ஆர்.கார்த்திகேயன் இதை ஏற்கவில்லை.

யார் சொல்வது சரி என்று இன்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதப்போவதில்லை. 2022-ல் பேரறிவாளன் விடுதலையானதும் குற்றமற்றவர் என்ற அடிப்படையில் அல்ல. தமிழக அமைச்சரவையின் 2018 பரிந்துரை மீது ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் கடத்தியதால், உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-வது பிரிவைக் கையில் எடுத்தது. ஆனால், ஒரு விஷயத்தில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பேட்டரி எதற்கென்று தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்பதில் ஒரு மனிதரின் உயிர் ஊசலாடியது. அதற்கான பதிலைத் தாளில் வைப்பதும் விடுவதும் அறைக்குள் இருந்த அதிகாரியின் பேனாவில் இருந்தது. சரிபார்க்க ஒலிப்பதிவு கிடையாது, வழக்கறிஞரும் கிடையாது.

தடா திறந்த கதவு

சாதாரண வழக்காக இருந்தால் அந்தத் தாள் சாட்சியமாகவே ஆகியிருக்காது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1872-லேயே வெள்ளைக்கார அரசு எழுதிய சாட்சியச் சட்டம் சொன்னது. அடித்து வாங்கும் வழக்கம் அப்போதே அவ்வளவு பரவியிருந்தது. 1950-ல் வந்த அரசியலமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று 20(3) பிரிவில் அடிப்படை உரிமையாகவே எழுதி வைத்தது.

பயங்கரவாதத்துக்கு எதிரான சிறப்புச் சட்டமான தடாவின் 15-வது பிரிவு இந்தத் தடுப்பை நீக்கியது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால், அந்த வாக்குமூலம் செல்லும். போலீஸ் காவலும் 15 நாளிலிருந்து 60 நாளாக நீண்டது. 1994-ல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ஏற்றது. ஐந்து நீதிபதிகளில் இருவர் உடன்படவில்லை.

1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நான்கு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள் என உறுதி செய்தது. அதே தீர்ப்பு, இந்தக் கொலை தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றும் சொன்னது. ஆனால், தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் கொலை வழக்குக்குச் செல்லும் என்று வைத்துக்கொண்டது. சட்டம் பொருந்தவில்லை, அந்தச் சட்டத்தால் மட்டுமே செல்லுபடியான தாள் பொருந்தியது. தடா 1995-லேயே காலாவதியாகிவிட்டது. அதன் தாள்கள் 2022 வரை மனிதர்களைச் சிறையில் வைத்திருந்தன.

> பெட்டிச் செய்தி: உங்கள் மௌனத்துக்குச் சட்டம் தரும் காவல்
>
> ● அரசியலமைப்பு 20(3): உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சியாகக் கட்டாயப்படுத்த முடியாது.
>
> ● அரசியலமைப்பு 22(1): கைதானவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்து பேசலாம்.
>
> ● பி.என்.எஸ்.எஸ். 180: போலீஸ் விசாரணையில், உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.
>
> ● பி.என்.எஸ்.எஸ். 181: விசாரணையில் நீங்கள் சொன்னதைப் போலீஸார் எழுதிக்கொண்டால், அதில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது.
>
> ● பி.என்.எஸ்.எஸ். 183: மாஜிஸ்திரேட் வாக்குமூலம் பதிவதற்கு முன், ஒப்புக்கொள்ளும் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் எச்சரிக்க வேண்டும். மறுத்தால், அதற்காக மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது.
>
> ● பி.எஸ்.ஏ. 23: போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது.
>
> (பி.என்.எஸ்.எஸ். என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம், பி.எஸ்.ஏ. என்பது சாட்சியச் சட்டம்; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின் எண்கள்.)

'ரெக்கவரி' என்ற ஓட்டை

தடா போய்விட்டது, இனி பயமில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வாக்குமூலம் செல்லாது என்ற விதிக்கு 1872 முதலே ஒரு விலக்கு இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சட்டத்தின் 27-வது பிரிவு அது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஸ்டேஷன் பேச்சில் இதன் பெயர் 'ரெக்கவரி'. திருட்டு வழக்கு என்றால் நகை வேண்டும், போன் வேண்டும், பணம் வேண்டும். அதைக் காட்டவைக்க வேண்டும் என்ற அவசரம்தான் விசாரணையை அடியாக மாற்றுகிறது.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் அதைத் தமிழகம் பார்த்தது. காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில், கோயில் காவலாளியான ஓர் இளைஞரைத் தனிப்படை போலீஸார் கொண்டுபோய் 'விசாரித்தார்கள்'. ஜூன் 28 அன்று அவர் உயிரோடு இல்லை. வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது. எனக்குத் தெரியாது என்று சொல்வதும், சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமை. அந்த உரிமையைக் கேட்டு வாங்கித் தர அந்த இடத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்திருந்தால், ஒரு தாய் மகனைப் பறிகொடுத்திருக்க மாட்டார்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1978-ல் ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி, போலீஸ் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, மௌன உரிமை நீதிமன்றக் கூண்டில் மட்டும் அல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்குகிறது என்றது. முதலமைச்சராக இருந்தவருக்கு அந்த உரிமை தெரிந்திருந்தது; சொல்ல வழக்கறிஞரும் இருந்தார். வாடகை அறையில் ஏழெட்டுப் பேரோடு தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் சொல்வது?

அமெரிக்காவில் போலீஸே சொல்லியாக வேண்டும். 1966-ல் மிராண்டா வழக்கின் தீர்ப்பு அப்படிக் கட்டளையிட்டது. சொல்லாமல் காவலில் விசாரித்து வாங்கிய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் சாட்சியமாக வைக்க முடியாது. இந்தியாவில் மாஜிஸ்திரேட்டுக்கு அந்தக் கடமை உண்டு. கைது செய்யும் காவலருக்கு, உனக்கு மௌன உரிமை உண்டு என்று சொல்லும் கடமையை எந்தச் சட்டமும் வைக்கவில்லை. உரிமை இருக்கிறது, காவல் நிலையத்தில் அதைத் தெரிவிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. தெரியாத உரிமை ஏழைக்கு இல்லாத உரிமைதான்.

எச்.ஆர். அறையில் எழுதிய கடிதம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த 1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்த வட்டாரம் ஆளே மாறிவிட்டது. கார், டயர், பைக், செல்போன், வாஷிங் மெஷின் என்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள். உள்ளே இருப்பவர்களில் பெரும்பங்கு இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு 'விசாரணை' முதலில் நடக்கும் இடம் காவல் நிலையம் அல்ல. கம்பெனியின் செக்யூரிட்டி அறையோ எச்.ஆர். அறையோதான்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஸ்டோரில் உதிரிபாகம் குறைகிறது. அந்த ஷிப்டில் இருந்த நான்கு பேரை அழைக்கிறார்கள். "எழுதிக் கொடுத்துட்டா போலீஸ் வரைக்கும் போகாது, வேலையும் போகாது" என்று ஒருவர் தன்மையாகப் பேசுகிறார். ஊரில் அப்பா கடன் வாங்கியிருக்கிறார், தங்கைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பையன் தான் எடுக்காத பொருளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான். அடுத்த வாரம் அதே கடிதம் சார்ஜ் மெமோவுடன் இணைப்பாக வருகிறது. அதற்கடுத்த வாரம் போலீஸ் புகாருடன் போகிறது.

இங்கேதான் பலரும் அறியாத ஆபத்து. போலீஸிடம் சொன்னது செல்லாது, எச்.ஆர். அதிகாரி போலீஸ் அல்ல. அவரிடம் எழுதிக் கொடுத்ததை நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த ஒப்புதல் என்று அரசுத் தரப்பு காட்ட முடியும். தப்பிக்க வழி பி.எஸ்.ஏ. 22-வது பிரிவில் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் ஆசை காட்டியோ, மிரட்டியோ, கட்டாயப்படுத்தியோ, வாக்குறுதி தந்தோ வாங்கிய ஒப்புதல் செல்லாது. வேலை தருபவரும் அப்படிப்பட்ட அதிகாரத்தில் இருப்பவர் என்று வாதாடலாம். ஆனால், அந்த வாதம் எழும் நாளில் பையனுக்கு வேலை போய்ப் பல மாதம் ஆகியிருக்கும்.

கம்பெனி நடத்தும் உள்விசாரணைக்கு 20(3) பொருந்தாது. அது குற்ற வழக்கு அல்ல. சாட்சியச் சட்டமும் அங்கே கறாராகப் பொருந்துவதில்லை. ஒரே சம்பவத்துக்குப் போலீஸ் வழக்கும் உள்விசாரணையும் சேர்ந்து நடந்தால் தொழிலாளி இருபுறமும் சிக்குகிறார். உள்விசாரணையில் பேசினால் அந்தப் பேச்சு குற்ற வழக்கில் திரும்பும். பேசாவிட்டால் வேலை போகும்.

இந்தச் சிக்கலுக்கு உச்ச நீதிமன்றம் 1999-ல் ஒரு வழி காட்டியது. கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி பால் ஆண்டனியின் வழக்கு அது. வீட்டில் தங்கம் பிடிபட்டதாகக் குற்ற வழக்கு; அதே குற்றச்சாட்டில் வேலைநீக்கம். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். இரண்டுக்கும் ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள் என்றிருந்ததால், வேலைநீக்கம் நிற்காது என்றது நீதிமன்றம். குற்றச்சாட்டு கனமானது, சட்டச் சிக்கல் நிறைந்தது என்றால், குற்ற வழக்கு முடியும்வரை உள்விசாரணையை நிறுத்தி வைப்பது நல்லது என்றும் சொன்னது. எல்லா வழக்குக்கும் தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல இது. மனுப் போட்டுக் கேட்டுப் பெற வேண்டும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

புரியாத மொழியில் ஒரு கைநாட்டு

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலத்துப் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள். தமிழில் எழுதிய தாளில் அவர்கள் போடும் கையெழுத்து என்ன செய்யும் என்பதை இலங்கைத் தமிழர்களின் அனுபவம் சொல்கிறது.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழர் 1993-ல் கைதானார். அவருக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு வாங்கப்பட்டது. அதை வைத்தே 50 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. வாக்குமூலம் தானாகக் கொடுத்ததல்ல என்று நிரூபிக்கும் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றினார்கள். 2004-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இது ஒருவரைத் தமக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தியது என்று கண்டது.

நம் இனத்துக்கு அங்கே நடந்த அநியாயத்தைக் கண்டு கொதிக்கிறோம். இங்கே தமிழ் தெரியாத ஓர் ஒடியா இளைஞரிடம் தமிழ்த் தாளை நீட்டுவது அதே அநியாயம்தான். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்து உத்தரவிட்டது. இந்த வட்டாரத்துக் காவல் நிலையங்களில் ஒடியாவிலும் இந்தியிலும் அந்தத் தாள் தயாராக இருக்க வேண்டும்.

போனுக்கு மௌனம் உண்டா?

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது தங்களைப் பிடித்து வைத்ததாகவும், போன்களைப் பறித்ததாகவும் பெண்கள் சிலர் சொன்னார்கள்; காவல்துறை மறுத்தது. 2024-ல் 37 நாள் நீடித்த சாம்சங் வேலைநிறுத்தத்திலும் தொழிலாளர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். இங்கே சங்கத்தில் சேரும் ஒருவர் போலீஸ் வண்டியில் ஏறுவது அரிதான நிகழ்வு அல்ல.

இன்று ஒருவரின் போன் அவருடைய வாக்குமூலத்தைவிட அதிகம் சொல்லும். 1961-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்றது. 2010-ல் செல்வி வழக்கில், உண்மை கண்டறியும் ஊசி, பாலிகிராப், மூளைப் பரிசோதனை ஆகியவற்றைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்றது. பாஸ்வேர்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைக் கேட்டு உத்தரவிடலாம் என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. கட்டாயப்படுத்த முடியாது என்று 2022-ல் டெல்லி சி.பி.ஐ. நீதிமன்றம் ஒன்று சொன்னது. மனதில் மட்டும் இருக்கும் எண்ணைச் சொல்லவைப்பது வாயைத் திறக்கவைப்பதே. அதற்கும் 20(3) காவல் நிற்க வேண்டும்.

> பெட்டிச் செய்தி: எதை மறுக்க முடியாது?
>
> ● மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் கைரேகை, கையெழுத்து, குரல் மாதிரி தர வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 349).
>
> ● சட்டப்படி நடக்கும் சோதனையைத் தடுக்க முடியாது.
>
> ● மௌன உரிமை உங்களைக் குற்றத்தில் மாட்டும் பதில்களுக்குத்தான். அடுத்தவர் செய்த குற்றத்துக்குச் சாட்சியாக அழைத்தால், உண்மையைச் சொல்லும் கடமை உண்டு.
>
> ● பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 179).

"தப்பு செய்யாதவன் ஏன் வாயை மூடணும்?"

டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்கும் கேள்வி இது. ஸ்ரீபெரும்புதூரில் அன்று ராஜீவோடு இறந்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸாரும் கட்சித் தொண்டர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் நியாயம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், கட்டாயத்தில் பிறந்த வாக்குமூலம் அவர்களுக்கும் நியாயம் செய்வதில்லை. 26 பேருக்குத் தூக்கு என்ற தீர்ப்பு 19 பேர் விடுதலையில் முடிந்தது. மீதி ஏழு பேரின் தண்டனை மீதும் 2013-க்குப் பிறகு சந்தேகத்தின் நிழல் விழுந்துவிட்டது. ஒரு வாக்கியம் விடுபட்டதாக எழுதியவரே சொல்லிவிட்டால், எழுதிய மற்ற வரிகளை நம்புவது எப்படி? பறிகொடுத்த குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டிய அசைக்க முடியாத உண்மையை, அவசரமாக எழுதிய தாள் அவர்களிடமிருந்தே பறித்துவிட்டது. வாக்குமூலம் கையில் இருந்தால் தடயம் தேடும் உழைப்பு குறைகிறது. அங்கேதான் உண்மையான குற்றவாளி தப்புகிறான்.

இதை உச்ச நீதிமன்றமும் உணர்ந்தே வருகிறது. 2020 அக்டோபரில், தமிழகத்திலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதலும் செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வைக்க உத்தரவிட்டது.

> பெட்டிச் செய்தி: காசு இல்லாமல் வழக்கறிஞர்
>
> சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவு, வருமானம் பார்க்காமல் சிலருக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. அதாவது, இந்த வட்டாரத்தில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி யாராக இருந்தாலும் கேட்டுப் பெறலாம். இலவச உதவி எண்: 15100.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய சட்டத் திருத்தங்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில உண்டு. மௌன உரிமையையும் 15100 என்ற எண்ணையும் தமிழ், இந்தி, ஒடியா, பெங்காலியில் ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாசலிலும் எழுதி வைக்கலாம். பெண்கள் விடுதிகளிலும் கம்பெனி கேன்டீன்களிலும் அதே பலகை இருக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சிப்காட் வளாகத்துக்குள் வந்து முகாம் போடலாம். உள்விசாரணைக்கு அழைக்கும் கடிதத்திலேயே, உடன் வேலை பார்ப்பவரையோ சங்கப் பிரதிநிதியையோ துணைக்கு அழைக்கலாம் என்ற வரி இருக்கலாம். சங்கங்கள், உறுப்பினர் அட்டையின் பின்பக்கத்தில் நான்கு வரி அச்சடிக்கலாம்: வழக்கறிஞரைக் கேள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே, புரியாத மொழியில் எழுதியதை ஏற்காதே, அடித்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்.

கடைசி வரி மிக முக்கியம். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்டுக்கு நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், காயம் இருக்கிறதா, வழக்கறிஞர் இருக்கிறாரா, கைதுக் காரணம் கொடுத்தார்களா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு மாஜிஸ்திரேட்டும் கேட்டால், லாக்கப் கொடுமை பாதியாவது குறையும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கைது செய்யும் காவலரே மௌன உரிமையைச் சொல்ல வேண்டும், சொன்னது வீடியோவில் பதிவாக வேண்டும் என்று தமிழக அரசு காவல் நிலையாணையில் இன்றே எழுத முடியும். அதற்குப் பணம் தேவையில்லை. குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை; குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை அல்ல. 31 ஆண்டுகளைக் கொடுத்து இந்த மண் அந்தப் பாடத்தைக் கற்றது. இனி ஒரு தொழிலாளிகூட அதே விலையைக் கொடுத்து அதைக் கற்கக் கூடாது.